மலாயாப் பல்கலைக்கழக இடம்: தோட்டப் பிள்ளையைத் தடுக்கும் அந்த 10 விழுக்காடு

கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் வட்டாரத் தோட்டங்களில் எஸ்.டி.பி.எம். முடிவு வந்ததும் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் புள்ளிக்கு மலாயாப் பல்கலைக்கழகம் கிடைக்குமா?

யூபியூ வழி விண்ணப்பிப்போருக்கு இதைத் தீர்மானிப்பது தகுதிப் புள்ளி. கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு. மருத்துவம் போன்ற துறைகளுக்கு நேர்முகத் தேர்வும் உண்டு.

இன அடிப்படையிலான கோட்டாவுக்குப் பதிலாக 2002-இல் இந்தத் தகுதி முறை வந்தது. ஆனால், பல்கலைக்கழக வாசலுக்கு வரும் வழிகள் ஒன்றாக இல்லை. கல்வி அமைச்சின் மெட்ரிகுலேஷன் பெரும்பாலோருக்கு ஓராண்டுதான். அதன் இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கு. ஆறாம் படிவமோ ஒன்றரை ஆண்டு, மூன்று தவணைத் தேர்வுகள். பாடமும் தேர்வும் வேறு. ஆனால் இரண்டையும் 4.00 என்ற ஒரே அளவுகோலில் வைத்துத்தான் பார்க்கிறார்கள். எஸ்.பி.எம். தேர்வில் 10ஏ அல்லது அதற்கு மேல் பெற்ற எல்லா இனத்தவருக்கும் மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என்று 2024-இல் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் அறிவித்தது ஓர் ஆறுதல். 8ஏ, 9ஏ எடுத்தவர்களின் தவிப்பு தீரவில்லை.

தோட்டப் பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் அந்த 10 விழுக்காட்டில். கணக்கைப் பாருங்கள். 4.00 எடுத்து, புறப்பாடத்தில் 7 புள்ளி பெற்றவருக்கு மொத்தம் 97. 3.92 எடுத்து, புறப்பாடத்தில் 9.5 பெற்றவருக்கு 97.7. முழுத் தேர்ச்சி பெற்றவர் பின்னால் நிற்கிறார்!

புறப்பாடப் புள்ளி வருகை, பதவி, எந்த நிலையில் போட்டியிட்டார் என்பதைப் பொறுத்தது. செம்பனைக் காட்டு வழியே பள்ளிக்குப் போகும் பிள்ளை பிற்பகல் பயிற்சிக்கு நின்றால் பேருந்து போய்விடும். தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டதற்கும், வார இறுதியில் கடையில் வேலை செய்ததற்கும் சான்றிதழ் கிடையாது. பொறுப்பைத்தான் அளக்கிறார்கள் என்றால், இதுவும் பொறுப்புதானே?

பி40 குடும்பத்தினருக்கும் ஓராங் அஸ்லி மாணவர்களுக்கும் யூபியூவில் சிறப்பு வழி இருப்பது உண்மை. அது குடும்ப வருமானத்தைப் பார்க்கிறது; மாணவர் எந்தப் பள்ளியில், எந்த வசதியோடு அந்தப் புள்ளியை எடுத்தார் என்பதைப் பார்ப்பதில்லை.

பள்ளியையும் பார்க்கும் முறை வேறு இடங்களில் நடப்பில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து, நீட் தேர்வில் தேறியவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு 2020-இல் ஒதுக்கப்பட்டது. மறு ஆண்டு அது பொறியியல் உள்ளிட்ட படிப்புகளுக்கும் விரிந்தது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் 1997-இலேயே ஒவ்வொரு பள்ளியிலும் முதல் 10 விழுக்காட்டில் வரும் மாணவருக்கு அரசுப் பல்கலைக்கழக இடத்தை உறுதி செய்து சட்டம் இயற்றியது. நகரப் பள்ளியோ கிராமப் பள்ளியோ, மாணவர் தம் பள்ளித் தோழர்களோடுதான் ஒப்பிடப்பட்டார். மலாயாப் பல்கலைக்கழகம் எடுத்துப் பார்க்க வேண்டிய முறை இதுதான்.

அதுவரை, ஆறாம் படிவத்தில் சேர்ந்த முதல் வாரமே சீருடை இயக்கம், மன்றம், விளையாட்டு மூன்றிலும் பெயர் பதிவது நல்லது. வருகைப் புள்ளியைத் தவறவிட வேண்டாம். சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துங்கள். இடம் கிடைக்காதவர்களுக்கு யூபியூ மேல்முறையீடு முடிவு வெளியான பிறகு சில நாள்களே திறந்திருக்கும். அது இணையம் வழி மட்டுமே.