எல்கார்ட்டில் பிறந்து லிவிங்ஸ்டனில் நிற்கும் வீடு

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், மிச்சிகன் எல்லையை ஒட்டி இருக்கிறது எல்கார்ட் மாவட்டம். சுற்றிலும் சோளக்காடும் சோயா வயலும். வட அமெரிக்கச் சாலைகளில் ஓடும் வீட்டு வண்டிகளில் பத்துக்கு எட்டு இண்டியானாவில் தயாராகின்றன. அவற்றில் பெரும்பகுதி இந்த மாவட்டத்திலும் அதன் அக்கம்பக்கத்திலும்தான். இழுத்துச் செல்லும் வீடுகளிலேயே பெரியதும் கனமானதும் ஃபிஃப்த் வீல். அதற்குத் தனியாக இன்ஜின் கிடையாது. பிக்கப் டிரக்கின் பின்தொட்டியில் மாட்டித்தான் இழுக்க வேண்டும். விடுமுறைக்காகச் செய்த இந்த வண்டியை ஆயிரக்கணக்கானவர்கள் நிரந்தர வீடாக்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வாழ்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு வண்டி பிறந்ததிலிருந்து ஓய்வது வரை எந்தெந்தக் கைகளுக்குப் போகிறது, எதனால் பிழைக்கிறது, எதனால் சாகிறது என்று பார்ப்போம்.

பிறப்பு

இந்தத் தொழிற்சாலைகளில் விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும், பிற்பகலிலேயே முடிந்தும்விடும். தொழிலாளர்களில் கணிசமானோர் ஆமிஷ் சமூகத்தார். சொந்தமாகக் கார் வைத்துக்கொள்ள அவர்கள் சமயக் கட்டுப்பாடு இடம்தராது. பலர் சைக்கிளில் வந்து, நெடுஞ்சாலையில் ஓடப்போகும் வீட்டுக்கு அலமாரி அடித்துவிட்டுப் போகிறார்கள்.

வேலையின் வரிசையே நமக்குப் புதிது. இரும்புச் சட்டத்தின் மேல் முதலில் தரையைப் போடுகிறார்கள். தரையின் மேல் சமையல் மேடை, குளியலறை, கட்டில் மேடை, அலமாரி எல்லாம் நின்ற பிறகுதான் பக்கச் சுவர்களைத் தூக்கி நிறுத்துகிறார்கள். கடைசியாகக் கூரை. சுவரின் மொத்தக் கனம் இரண்டு அங்குலம் போல இருக்கும். வெளியே ஃபைபர் கிளாஸ் தகடு, அதற்குப் பின்னால் மெல்லிய ப்ளைவுட், நடுவில் ஃபோமும் அலுமினியச் சட்டமும். எல்லாவற்றையும் பசை போட்டு அழுத்தி ஒட்டியிருப்பார்கள். லுவான் எனப்படும் அந்தப் ப்ளைவுட் பெரும்பாலும் இந்தோனேசிய மழைக்காட்டு மரம். எனவே சக்கரம் மாட்டுவதற்கு வெகு முன்பே, கடல் கடந்த ஒரு காட்டில் இந்த வீட்டின் பயணம் தொடங்கிவிடுகிறது.

நாட்டின் பணப்புழக்கம் எப்படி இருக்கிறது என்பது எல்கார்ட்டில் உடனே தெரிந்துவிடும். 2008 நெருக்கடியில் வீட்டு வண்டி வாங்க ஆளில்லாமல் ஆலைகள் மூடின. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் வேலையிழந்து நின்றார். 2009 பிப்ரவரியில் அதிபர் ஒபாமா நேரில் வந்து அந்த மக்களிடம் பேசினார். பிறகு கொரோனா காலத்தில் விமானத்துக்கும் ஓட்டலுக்கும் அஞ்சியவர்கள் வண்டி வாங்கத் திரண்டார்கள். 2021இல் மட்டும் எல்லா வகையும் சேர்த்து சுமார் 6 லட்சம் வண்டிகள் ஆலைகளிலிருந்து வெளியேறின. அதற்கு முன் அப்படியொரு ஆண்டு இருந்ததில்லை.

பூர்வீகம்

ஃபிஃப்த் வீலின் பூர்வீகத்தில் விமானத்துக்குப் பங்கு உண்டு. விமான முன்னோடிகளில் ஒருவரான க்ளென் கர்ட்டிஸ் 1920களின் இறுதியில் ஃப்ளோரிடாவில் 'ஏரோகார்' என்ற இழுவை வீட்டைத் தயாரித்தார். விமான உடலைக் கட்டும் முறையிலேயே அதன் இலேசான சட்டத்தைக் கட்டினார். காரின் பின்பகுதியில் ஒரு விமானச் சக்கரத்தைப் படுக்கைவாட்டில் பொருத்தி, அதன் நடுவில் வண்டியின் முளையை இறக்கினார். குலுக்கலை டயரின் காற்று வாங்கிக்கொண்டது. 1930இல் கர்ட்டிஸ் காலமானார். பிற்காலத்தில் அமெரிக்கக் குடும்பங்களிடம் பிக்கப் டிரக் பெருகியபோது, சரக்கு லாரிகளின் கோர்ப்பு முறையோடு இந்த யோசனை மீண்டு வந்தது. 1990இல் இண்டியானாவின் நாப்பனி ஊரிலுள்ள நியூமார் நிறுவனம் ஸ்லைடு-அவுட்டை அறிமுகப்படுத்தியது. நின்ற இடத்தில் பொத்தானை அழுத்தினால் கூடத்தின் ஒரு பக்கச் சுவர் சோபாவோடு வெளியே நகர்ந்து அறை அகலமாகும். அதற்குப் பிறகுதான் எட்டரை அடி அகல வண்டிக்குள் 400 சதுர அடி அளவுக்கு வாழ இடம் கிடைத்தது.

கோர்ப்பு

சாதாரண டிரெய்லரை வாகனத்தின் பின்பம்பருக்குக் கீழே குண்டில் மாட்டுவார்கள். எடை பின்னச்சுக்கு வெளியே தொங்கும். காற்றடித்தால் வால் ஆடும். ஃபிஃப்த் வீலின் எடையோ டிரக்கின் பின்னச்சுக்கு நேர் மேலே, அல்லது சற்று முன்னால், இறங்குகிறது. நாற்பதடி நீள வீட்டை ஒரு பிக்கப் நிதானமாக இழுத்துப் போவதற்கு இதுதான் காரணம்.

கோர்க்கும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். முதலில் வீட்டின் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை. பிறகு முன்கால்களை ஏற்றி இறக்கி, வண்டியின் தகடு, டிரக்கின் பின்தொட்டியில் பொருத்தியிருக்கும் ஹிட்ச் என்ற கோர்ப்புப் பொறியின் மேல்மட்டத்தைவிடச் சற்றே தாழ்ந்திருக்கும்படி நிறுத்துவார்கள். டிரக்கின் பின்கதவை இறக்கிவிட்டு, ஒருவர் பின்னோக்கி ஓட்ட, மற்றவர் கைகாட்டுவார். வண்டியின் முளையான, இரண்டு அங்குலக் கனமுள்ள கிங்பின் ஹிட்ச்சின் வாய்க்குள் போனதும் தாடைகள் 'டக்'கென்று மூடிக்கொள்ளும். அந்தச் சத்தத்தை மட்டும் நம்பக் கூடாது. டார்ச் அடித்து, தகடுகளுக்கு நடுவே இடைவெளி இல்லை, தாடை கிங்பின்னுக்குப் பின்னால் பூட்டியிருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு, கைப்பிடியில் பூட்டுமுளை செருக வேண்டும். மின்கம்பியையும், வண்டி தப்பித் தவறிக் கழன்றால் பிரேக் பிடிக்கவைக்கும் கம்பியையும் மாட்ட வேண்டும். கடைசியாக, வீட்டின் பிரேக்கைப் பிடித்தபடி டிரக்கை முன்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். இதில் ஒரு படியைத் தவறவிட்டாலும் மூவாயிரம் பவுண்டு எடையோடு வீட்டின் முன்பகுதி டிரக்கின் பக்கச் சுவர்மேல் விழக்கூடும். பழகியவர்கள் இந்த வேலையின் நடுவில் யார் பேச்சுக் கொடுத்தாலும் பதில் சொல்ல மாட்டார்கள்.

முதல் கை

ஆலையிலிருந்து விற்பனையாளரிடம் வண்டியைக் கொண்டு சேர்ப்பவர்கள் டிரக் வைத்திருக்கும் தனி ஓட்டுநர்கள். பிறகு முதல் உரிமையாளர். பெரும்பாலும் ஓய்வுபெற்ற, அல்லது ஓய்வை நெருங்கும் தம்பதி. பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள். வீட்டை விற்றுவிட்டு, மிஞ்சிய ஆண்டுகளில் நாட்டைப் பார்க்கலாம் என்று கிளம்புகிறார்கள்.

வாங்கும்போதே வரும் சிக்கல் எடை. 16,000 பவுண்டு வண்டி என்றால் அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 3,200 பவுண்டு, நேரே டிரக்கின் முதுகில் ஏறும். அதற்கு மேல் ஹிட்ச், தம்பதி, நாய், கருவிப்பெட்டி. எவ்வளவு இழுக்கும் என்று விளம்பரம் சொல்வதை விட்டுவிட்டு, எவ்வளவு சுமக்கும் என்று ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டைத்தான் படிக்க வேண்டும். டிரக் நிறுத்தங்களில் லாரிகளுக்கான எடைமேடைகள் உண்டு. விவரமறிந்தவர்கள் சாமான்களை ஏற்றிய பிறகு அதில் ஒருமுறை ஏற்றி நிறுத்திப் பார்க்காமல் நீண்ட பயணம் புறப்படுவதில்லை.

உள்ளே வாழ்க்கை சுருங்குகிறது, ஆனால் வசதி குறைவதில்லை. முகாமில் 50 ஆம்பியர் இணைப்பு கிடைத்தால் இரண்டு ஏ.சி. ஓடும். நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, குளித்த தண்ணீருக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று. காலி செய்யும்போது கழிப்பறைத் தொட்டி முதலில், குளியல் தொட்டி பிறகு. பின்னால் வரும் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். பல வண்டிகளில் இருக்கும் கேஸ் ஃபிரிட்ஜ், 1922இல் பால்ட்சர் ஃபான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரண்டு சுவீடன் மாணவர்கள் கண்டுபிடித்த முறையில் இயங்குகிறது. சுடரின் வெப்பத்தில் அம்மோனியா சுற்றி வந்து குளிர்விக்கும். சுழலும் பாகம் ஒன்றும் இல்லை. ஆனால் வண்டி சாய்ந்து நின்றால் அம்மோனியாவின் ஓட்டம் தடைப்பட்டு ஃபிரிட்ஜ் பாழாகும். அதனால்தான் எங்கே போய் நின்றாலும் முதல் வேலையாக ரசமட்டம் வைத்துப் பார்க்கிறார்கள்.

அக்டோபரில் இப்படி வாழ்பவர்களில் சிலர் வடக்கு டகோட்டா, மினசோட்டா எல்லையிலுள்ள ரெட் ரிவர் பள்ளத்தாக்குக்குப் போய்ச் சர்க்கரை பீட் அறுவடையில் சில வாரம் வேலை பார்ப்பார்கள். குளிர் இறுகும்போது வண்டிகள் தெற்கே திரும்பும். அரிசோனா பாலைவனத்தில் குவார்ட்ஸைட் என்ற சின்ன ஊர். பொதுவாக மத்திய அரசு நிலத்தில் ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் தங்க முடியாது. இந்த ஊருக்குப் பக்கத்தில் இருப்பது போன்ற ஒதுக்கிய பகுதிகளில் அனுமதிச் சீட்டு வாங்கினால் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்கலாம். தண்ணீர் இணைப்பும் மின் இணைப்பும் இல்லாத கள்ளிக்காட்டில், கூரையில் சோலார் தகடுகளோடு வண்டிகள் வரிசைகட்டி நிற்கும்.

எது கொல்கிறது

இந்த வீட்டைச் சாகடிப்பது சாலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் கொல்வது தண்ணீர்.

கூரை என்பது ஒரு ரப்பர் அல்லது பிளாஸ்டிக் விரிப்பு. அதில் ஏ.சி.க்கு, காற்றாடிக்கு, கழிப்பறைக் குழாய்க்கு, ஆன்டெனாவுக்கு, சோலார் கம்பிக்கு என்று எத்தனையோ துளைகள். ஒவ்வொரு துளையின் விளிம்பிலும் சீலண்ட் பூசியிருக்கும். வெயிலிலும் பனியிலும் அது இறுகி, மயிரிழை போல வெடிக்கும். அந்த இழை வழியே நுழையும் மழை கூரைப் பலகையில் ஊறி, சுவரில் இறங்கும். ப்ளைவுட் ஊறினால் பசை விடும். பசை விட்டால் ஃபைபர் கிளாஸ் தகடு உப்பிக்கொண்டு எழும். இதை நேராக நின்று பார்த்தால் தெரியாது. சாயங்கால வெயிலில் சுவரை ஒட்டி நின்று நீளவாட்டில் பார்த்தால் அலை அலையாகத் தெரியும். அந்த நிலைக்கு வந்தபின் பழுது பார்க்கும் செலவு பல நேரம் வண்டியின் மதிப்பையே தாண்டும். தடுக்க வேண்டுமானால் சில டாலர் சீலண்ட் டியூபோடு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூரையேறி, விளிம்பு விளிம்பாகப் பார்த்தால் போதும்.

அடுத்தது டயர். தேய்வதற்கு முன்பே அது வயதாகிக் கெடும். பக்கவாட்டில் பொறித்த நான்கு இலக்கம் பிறந்த நாளைச் சொல்லும்: 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். பட்டன் புதிதுபோல இருந்தாலும் ஆறு ஆண்டு கடந்த டயரை நம்பி நெடுஞ்சாலையில் ஏறக் கூடாது. வெடிக்கும் டயர் தனியாகப் போவதில்லை; சக்கர மேல்மூடியையும், அடித்தரையில் ஓடும் குழாயையும், மின்கம்பியையும் கிழித்துக்கொண்டு போகும். சக்கர பேரிங்குகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது 12,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் மாற்ற வேண்டும். உறைபனி வரும் முன் குழாய்த் தண்ணீரை முழுக்க வடித்து, உறையாத திரவத்தை ஏற்ற வேண்டும்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல நிறுவனங்களின் உத்தரவாதப் பத்திரத்தில், இது பொழுதுபோக்குப் பயணத்துக்கான வண்டி, நிரந்தரமாகக் குடியிருந்தால் உத்தரவாதம் செல்லாது என்று எழுதியிருக்கும். வாரக்கடைசிக்குச் செய்த கீலையும் கதவையும் தினமும் திறந்து மூடுகிறார்கள். ஆலை தராத ஆயுளை உரிமையாளரின் கைதான் தர வேண்டியிருக்கிறது.

இரண்டாம் கையும் கடைசி நிறுத்தமும்

முதல் தம்பதிக்கு முடியாமல் போகும் நாளில் வண்டி கைமாறும். புதிதாக வாங்கிய விலையில் பாதிகூடக் கிடைக்காமல் போவது சகஜம். அடுத்து வருகிறவர்கள் ஊர் பார்க்கக் கிளம்பியவர்கள் இல்லை. மேற்கு டெக்சாஸின் பெர்மியன் எண்ணெய் வயல் தொழிலாளி, குழாய்ப் பாதையில் வெல்டிங் செய்கிறவர், மூன்று மாத ஒப்பந்தத்தில் மருத்துவமனை மாறும் செவிலியர் போன்ற, வேலை இருக்கும் இடத்தில் வாடகை கட்டுப்படியாகாதவர்கள். இவர்களிடம் வந்தபின் வண்டி அவ்வளவாக நகராது, வீடாகவே நின்றுவிடும்.

நகர முடியாமல் போனவர்களுக்கு மரியாதையாக ஒரு ஏற்பாடு டெக்சாஸின் லிவிங்ஸ்டனில் இருக்கிறது. ஜோ, கே பீட்டர்சன் தம்பதி 1978இல் தொடங்கிய எஸ்கேப்பீஸ் சங்கத்தின் தலைமையிடம் அது. சொந்த முகவரி இல்லாத வண்டிவாசிகளுக்கு வரும் கடிதங்களை வாங்கி, அவர்கள் இருக்கும் ஊருக்கு அனுப்பிவைக்கிறார்கள். அதன் பக்கத்திலேயே 'கேர்' என்ற பராமரிப்பு மையம். மூப்பாலோ நோயாலோ இனி ஓட்ட முடியாதவர்கள் தங்கள் வண்டியை அங்கே கொண்டுவந்து நிறுத்திக்கொள்ளலாம். உணவும் துணையும் மருத்துவரிடம் போக வண்டியும் கிடைக்கும். முதியோர் இல்லத்து அறைக்கு மாற வேண்டியதில்லை. தூங்குவது தங்கள் கட்டிலிலேயே. இந்த வண்டிகளின் உலகம் செய்துகொண்ட நல்ல காரியங்களில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

வண்டிக்கோ அப்படியொரு இல்லம் கிடையாது. பசையும் ஃபோமும் ப்ளைவுட்டும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் பிரித்தெடுத்து மறுசுழற்சி செய்வது கடினம். இரும்புச் சட்டத்தையும் அச்சையும் கழற்றிக்கொண்டு மற்றதைக் குப்பைமேட்டில் கொட்டுகிறார்கள். காட்டு மரத்தில் தொடங்கிய பொருள் என்பதால் அது நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்பது என் விருப்பம். உழைக்கவும் செய்யும். ஒரே ஆலையில் ஒரே ஆண்டு பிறந்த இரண்டு வண்டிகளில் ஒன்று எட்டு ஆண்டில் இற்றுப்போகிறது. மற்றது இருபது ஆண்டு தாண்டியும் நிற்கிறது. பெரும்பாலும் வித்தியாசம் கூரையில்தான் இருக்கும்.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர் யாராவது பழைய ஃபிஃப்த் வீல் பார்க்கப் போனால், விற்பவர் உள்ளே அழைத்து சோபாவையும் டி.வி.யையும் காட்டுவார். நீங்கள் முதலில் ஏணி கேளுங்கள். கூரையைப் பார்த்துவிட்டு இறங்கி, டயரின் நான்கு இலக்கத்தைப் படியுங்கள். மூலைகளில் தரையைக் காலால் அழுத்திப் பாருங்கள். உங்கள் டிரக்கின் கதவோரச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எடையைக் கூட்டிப் பாருங்கள். இந்த நான்கும் சரியாக இருந்தால் மட்டும் விலை பேசுங்கள்.