குலவைச் சத்தமும் காரியக்காரர் குடையும்

சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன் தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்தான். அவன் ஆபீசில் கேரம் போர்டு இருக்கிறதாம், டேபிள் டென்னிஸ் இருக்கிறதாம். வேலைக்கு நடுவில் விளையாடினால் புதுப்புது யோசனை வரும் என்று கம்பெனியே வாங்கிப் போட்டிருக்கிறதாம். திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த எங்க அப்பாயி நிமிர்ந்து பார்த்துக் கேட்டுச்சு: “வெளையாண்டா கூலியப் புடிக்க மாட்டானாடா?”

எல்லாரும் சிரித்தோம். எனக்கு மட்டும் அந்தக் கேள்வி போகவில்லை. எண்பதைத் தாண்டிய கிழவி. கீழத்தஞ்சையில் பண்ணையாள் வீட்டில் பிறந்து, பத்து வயதில் நடவுக்கு இறங்கியவள். வேலையிடத்தில் விளையாட்டு என்பதை இன்றைக்கு நிர்வாகப் படிப்பு படித்தவர்கள் கண்டுபிடித்ததைப் போலப் பேசுகிறார்கள். அது சேற்றுக்குள் எப்படி இருந்தது, யாருக்குப் பயன்பட்டது என்று எழுத வேண்டியது நாம்தான்.

கீழத்தஞ்சையின் வரலாறு நமக்குத் தெரியும். சவுக்கடி, சாணிப்பால். 1940களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் வந்து விவசாயச் சங்கம் கட்டியது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். 1968 டிசம்பர் 25இல் கீழவெண்மணியில் கூலி கேட்டதற்காக ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டது. அடித்தவன் கணக்கும் செத்தவர் கணக்கும் இதில் இருக்கிறது. அதே வயலில் தினமும் ஒரு சிரிப்பும் இருந்தது. அதை எழுதினால் கொடுமை குறைந்து தெரியுமோ என்று நாமே விட்டுவிட்டோம்.

நடவு எப்படி நடக்கும்? ஆண்கள் நாற்றுப் பறித்து முடி கட்டி வயலில் வீசிவிடுவார்கள். பெண்கள் வரிசையாக நின்று, குனிந்து, பின்னாலேயே நகர்ந்து நடுவார்கள். பொழுதுக்கும் அதே குனிவு. ஒருத்தி பாட்டெடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். பாட்டின் அடிக்கு ஏற்பக் கை போகும். “அது பாட்டா? இடுப்பு வலிக்கு மருந்துடி” என்று அப்பாயி சொல்லும். இன்னொன்றும் சொல்லும்: “புள்ளத்தாச்சி பின்னாடி தங்குனா பாட்ட மெதுவா எடுப்போம். எல்லாருக்கும் கை தானா மெதுவாயிடும். காரியக்காரருக்குத் தெரியாது.”

ஏற்றப்பாட்டும் அப்படித்தான். இறைத்த சாலின் எண்ணிக்கை பாட்டுக்குள்ளேயே வரும். ஏட்டில் கணக்கெழுத விடாத சாதிகள் தொண்டையில் கணக்கு வைத்துக்கொண்டன. கம்பரே ஏற்றக்காரன் பாடிய ஓர் அடியின் அடுத்த அடி தெரியாமல் தவித்தார் என்று கதை சொல்கிறார்கள். கதையில் கம்பருக்குப் பெயர் இருக்கிறது, ஏற்றக்காரனுக்குப் பெயர் இல்லை.

ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. பாட்டு மிராசுதாருக்கும் வேண்டியிருந்தது. பாடினால் வேலை ஓடும். பாட்டு நின்றால் வரப்பில் குடை பிடித்து நிற்கும் காரியக்காரர், “என்னாங்கடி, சத்தத்தக் காணோம்?” என்று அதட்டுவாராம். அப்படிப் பார்த்தால் கேரம் போர்டுக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. உழைப்பைக் கறக்க, கன்றை அவிழ்த்துவிடுகிற மாதிரி விளையாட்டை அவிழ்த்துவிடுவது.

வித்தியாசம் அடுத்த அடியில் இருந்தது. பாட்டின் முதல் அடி பழசு, அடுத்த அடி அன்றைக்குக் கட்டியது. காரியக்காரரின் தொந்தி, அவர் வீட்டுச் சண்டை, கூலி அளக்கையில் மரக்காலுக்குள் நுழையும் அவர் கட்டைவிரல் எல்லாம் அதில் வந்துவிடும். பெயர் சொல்லாமல் கொக்கு என்பார்கள், நண்டு என்பார்கள். புது ஆள் யாராவது வரப்பில் வந்தால் வழிமறித்து, குலவை போட்டுக் காசு கேட்பார்கள். கொடுக்காவிட்டால் அவன் வரப்பைத் தாண்டுவதற்குள் அவன்மேல் ஒரு பாட்டு. நேரில் நிமிர்ந்து பேசினால் அடி விழுந்த காலத்தில், குனிந்த முதுகோடு பேசிய பேச்சு இது. ராஜ் கௌதமன் ‘தலித் பண்பாடு’ (1993) எழுதிக் கலகத்தைப் பற்றி நம்மை யோசிக்க வைப்பதற்கு வெகு காலம் முன்பே எங்க அப்பாயிகள் அதைச் சேற்றில் நின்று செய்துகொண்டிருந்தார்கள்.

எம்.ஏ. தமிழ் படிக்கும்போது இதையெல்லாம் வேறு பெயரில் படித்தேன். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக்காதையில் உலக்கைப் பாட்டு வள்ளைப்பாட்டாக வருகிறது. திருவாசகத்தில் சுண்ணம் இடிப்பது திருப்பொற்சுண்ணம், அம்மானை ஆடுவது திருவம்மானை. உழைக்கிறவளின் பாட்டும் விளையாட்டும் அரசனுக்கும் ஆண்டவனுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டன. முக்கூடற்பள்ளு இன்னும் ஒரு படி மேலே போகிறது. நெல் வகை, மாட்டு வகை, மீன் வகை என்று உழவனின் அறிவு முழுக்க அதில் இருக்கிறது. பண்ணைக்காரனைக் கேலி செய்வதும் இருக்கிறது. ஆனால் பள்ளனைத் தொழுவில் மாட்டும் தண்டனையும் அங்கே வேடிக்கைதான். நம் கால் மரத்தில் மாட்டிக்கிடக்க, அதைப் படித்து யார் ரசித்திருப்பார்கள்? நாம் செய்த கேலிக்கும் நம்மை வைத்துச் செய்த கேலிக்கும் உள்ள தூரத்தை எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை.

பிறகு சேகரித்தவர்கள் வந்தார்கள். 1871இல் சார்லஸ் கோவர் தென்னிந்திய நாட்டுப்பாடல்களை ஆங்கிலத்தில் புத்தகமாக்கினார். 1958இல் கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்த ‘மலையருவி’ வந்தது. நா. வானமாமலை பாட்டோடு உழைப்பையும் சேர்த்துப் பார்த்தார். இவர்களால் பாட்டு பிழைத்தது, நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அச்சில் ஏறிய பாட்டுக்கு முதல் அடி, கடைசி அடி என்று முடிந்துவிடுகிறது. வயலில் அது முடிவதில்லை. நானும் ஆய்வேட்டுக்காக டேப்ரிக்கார்டரை அப்பாயி முன்னால் வைத்தேன். வாயே திறக்கவில்லை. “திண்ணையில குந்திக்கிட்டு யார வையிறது?” என்று எழுந்து போய்விட்டது.

அப்புறம் ஒருநாள், கேட்காமலே சொன்னது. வெண்மணி எரிந்த அந்த வருச அறுப்பு. பக்கத்து ஊர்க்காரர்களான இவர்கள் பயந்து பயந்து களத்துக்குப் போயிருக்கிறார்கள். நெல் அளக்கும்போது பொலி பாட வேண்டும், அதுதான் வழக்கம். யாரும் வாயைத் திறக்கவில்லை. அதட்டியும் திறக்கவில்லை. “அன்னிக்குத்தான் காரியக்காரரு எங்களப் பாத்துப் பயந்தாரு. வஞ்சப்ப எல்லாம் பயப்படல” என்றது அப்பாயி.

இந்தச் சம்பவத்தை நான் பல முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். பாட்டு அடிமைத்தனத்தின் அடையாளம், விட்டொழிக்க வேண்டும் என்று நம்மில் ஒரு சாரார் சொல்கிறார்கள். அது நம் பெருமை, மேடை ஏற்ற வேண்டும் என்று இன்னொரு சாரார். பறையைப் பற்றியும் இதே சண்டைதான். சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையை எரித்தவர்களும் நம்மவர்கள், தலித் கலை விழாக்களில் அதே பறையை அடித்து ஆடியவர்களும் நம்மவர்கள். இரண்டு பேரும் சொன்னது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: அடி என்று எவன் சொல்லியும் அடிக்க மாட்டோம். நிறுத்த உரிமை உள்ளவனுக்குத்தான் அது விளையாட்டு. மற்றவனுக்கு அதுவும் ஒரு வேலை, கூலியில்லாத வேலை.

2005இல் சட்டமாகி நூறு நாள் வேலை வந்தபோது, ஏரிக்கரை மரத்தடியில் நம் பெண்கள் உட்கார்ந்து பேசிச் சிரித்ததைப் பார்த்து, “வேலைக்கு வந்து வெளையாடுறாளுக, இவளுகளால நடவுக்கு ஆள் கெடைக்கல” என்று புலம்பியவர்கள் யார்? வரப்பில் குடை பிடித்தவர்களின் பேரன்கள். ஆபீசில் ஆடினால் படைப்பாற்றல், மரத்தடியில் சிரித்தால் சோம்பேறித்தனம். கோபம் சிரிப்பின்மேல் இல்லை. யாரைக் கேட்டுச் சிரித்தாய் என்பதில்தான் கோபம்.

தம்பி ஊருக்குக் கிளம்பும்போது அப்பாயி அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது: “அந்த வெளையாட்டுல ஒங்க மொதலாளிய வையலாமாடா?”

அவன் யோசித்துவிட்டு, “அதெல்லாம் முடியாது அப்பாயி” என்றான்.

“அப்புறம் என்னாடா வெளையாட்டு” என்று சொல்லிவிட்டு உரலை எடுத்துக்கொண்டது.