ஒரு பயணச்சீட்டின் பின்னே நூற்றைம்பது ஆண்டுகள்



படிப்பை முடித்து, வேலையில் அமர்ந்து, சிறிது பணமும் சேர்த்துக்கொண்ட நம் பிள்ளைகள் பலர் இன்று ஐரோப்பாவுக்குச் செல்ல விரும்புகின்றனர். அதுவும் சுற்றுலாக் குழுவோடு அன்று. தனியாக, இரயிலிலேயே நான்கைந்து நாடுகளைக் கண்டுவர வேண்டும் என்கின்றனர். "மொழி தெரியாத ஊரில், அதிலும் பெண்பிள்ளை, தனியாக எப்படிச் சமாளிப்பாள்?" என்று பெற்றோர் கவலைப்படுவது இயல்பே. இக்கவலைக்குப் 'பயப்படாதீர்கள்' என்னும் ஒரு சொல் விடையாகாது. அங்கே இரயில் வண்டிகள் எல்லைகளைக் கடந்து ஓடத் தொடங்கிய வரலாற்றை அறிந்துகொண்டால், எந்த இடத்தில் கவலை தேவையில்லை, எந்த இடத்தில் முன்னேற்பாடு தேவை என்பது தெளிவாகிவிடும். அவ்வரலாற்றைச் சுருக்கமாகப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தண்டவாளத்தின் அகலம்

1843ஆம் ஆண்டு அக்டோபரில் ஜெர்மானிய நகரான கொலோனையும் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தையும் இணைக்கும் இருப்புப்பாதை முழுமை பெற்றது. நாட்டெல்லையைக் கடந்த தொடக்ககாலப் பாதைகளுள் அது முதன்மையானது. இரு பக்கத்திலும் தண்டவாளத்தின் அகலம் ஒன்றாக இருந்ததால்தான் அது இயன்றது. இங்கிலாந்தின் இயந்திரங்களோடு அந்நாட்டின் 1,435 மில்லிமீட்டர் அகலமும் பல நாடுகளுக்குப் பரவியிருந்தது. ஆனால், ஸ்பெயின் 1844இல் ஏறத்தாழ 1,672 மில்லிமீட்டர் அகலத்தைத் தேர்ந்தெடுத்தது. ரஷ்யா 1,524 மில்லிமீட்டரை ஏற்றது. இதனால் ஸ்பெயினின் எல்லையில் பயணிகள் இறங்கி வேறு வண்டிக்கு மாற வேண்டியதாயிற்று. மலேசியாவும் தாய்லாந்தும் 1,000 மில்லிமீட்டர் பாதையையே பயன்படுத்துவதால்தான் தாய்லாந்து வண்டி பாடாங் பெசார் வரை தடையின்றி வருகிறது என்பதை நம் மாணவர்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

1882இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஒரு மாநாடு கூடியது. ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, ஆஸ்திரியா-ஹங்கேரி, சுவிட்சர்லாந்து ஆகியவை பங்குகொண்டன. ஒரு நாட்டின் பெட்டி மற்றொரு நாட்டின் பாதையில் ஓடுவதற்கு வேண்டிய பொது அளவுகளைப் பற்றி அங்கே பேசினர். ஜெர்மனியும் பிரான்சும் கடும் போரை நடத்தி முடித்து அப்போது பதினோர் ஆண்டுகளே கடந்திருந்தன. பகை தீராத நாடுகள் சக்கரத்தின் அளவில் உடன்பட்டன என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. 1886இல் மீண்டும் கூடி, 1887இல் அவ்வுடன்பாட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தனர்.

இன்றைய பயணிக்கு இதன் பயன் என்ன? பொது அகலம் உள்ள நாடுகளுக்கிடையே வண்டிகள் மிகுதி. அகலம் மாறும் எல்லைகளில் வண்டிகள் குறைவு. ஸ்பெயின் தன் அதிவேகப் பாதைகளைப் பொது அகலத்தில் அமைத்த பின்னரே, 2013 டிசம்பரில் பாரிசுக்கும் பார்சலோனாவுக்கும் இடையே நேரடி அதிவேக வண்டி ஓடத் தொடங்கியது. ஆகவே, ஸ்பெயினைத் திட்டத்தில் சேர்ப்போர் அந்த எல்லைப் பயணத்தை முதலில் உறுதிசெய்த பின்னரே மற்றவற்றைத் திட்டமிட வேண்டும்.

கடிகாரமும் கால அட்டவணையும்

அகலம் ஒன்றானாலும் நேரம் ஒன்றாகவில்லை. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ஆகியவை சந்திக்கும் போடன் ஏரிக்கரையில் ஒரு காலத்தில் ஐந்து வகை நேரங்கள் வழக்கில் இருந்தன. 1891 மார்ச்சில் முதிய படைத்தலைவர் மோல்ட்கே ஜெர்மானிய நாடாளுமன்றத்தில் இந்நிலையை மாற்ற வேண்டும் என வற்புறுத்தினார். படைகளை விரைந்து நகர்த்துவதற்கு ஒரே நேரம் வேண்டும் என்பது அவர் வாதம். 1893 ஏப்ரல் 1 முதல் ஜெர்மனி முழுவதும் ஒரே நேரம் நடைமுறைக்கு வந்தது. பிரான்சிலோ 1911 வரை நிலையத்தின் உள்ளே இருந்த கடிகாரம் வெளிக் கடிகாரத்தைவிட ஐந்து நிமிடம் பின்தங்கியே ஓடியது. தாமதமாக வரும் பயணி வண்டியைத் தவறவிடக் கூடாது என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது!

பல நாட்டு வண்டிகளின் நேரங்களை ஒரே நூலில் தொகுத்த பெருமை இங்கிலாந்தைச் சாரும். பிராட்ஷா நிறுவனம் 1847இல் ஐரோப்பாவுக்கான வழிகாட்டியை வெளியிட்டது. 1873 மார்ச்சில் தாமஸ் குக் நிறுவனத்தின் கால அட்டவணை முதன்முதலில் வெளிவந்தது. முதலாம் உலகப் போரின்போதும் நிற்காத அந்நூல் இரண்டாம் உலகப் போரின்போது நின்று, 1946இல் மீண்டும் வந்தது. 2013 ஆகஸ்டில் நிறுவனம் அதனைக் கைவிட்டது. ஆயினும், அதனைத் தொகுத்து வந்தவர்களே 2014 முதல் வேறு பெயரில் தொடர்ந்து வெளியிட்டு வருகின்றனர்.

ஐரோப்பிய இரயில் நிறுவனங்கள் ஆண்டுதோறும் டிசம்பர் நடுப்பகுதியில் ஒரே நாளில் கால அட்டவணையை மாற்றுகின்றன. நம் ஆண்டிறுதி விடுமுறையில் செல்வோர் இதனை நினைவில் கொள்ள வேண்டும். டிசம்பர் முதல் வாரத்தில் ஓடிய வண்டி மூன்றாம் வாரத்தில் அதே நேரத்தில் ஓடும் என்பதற்கு உறுதியில்லை.

கடப்பிதழ்

முதலாம் உலகப் போருக்கு முன்பு மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியில் கடப்பிதழ் இன்றியே பயணம் செய்ய முடிந்தது. போர் அதனைக் கட்டாயமாக்கியது. 1920இல் பாரிசில் நாடுகளின் சங்கம் கூட்டிய மாநாடு, 32 பக்கங்கள் கொண்ட ஒரே வகைக் கடப்பிதழைப் பரிந்துரைத்தது. 1985 ஜூன் 14ஆம் நாள், லக்சம்பர்க்கின் ஷெங்கன் சிற்றூர் அருகே மோசல் ஆற்றில் நின்ற ஒரு கப்பலில் ஐந்து நாடுகள் எல்லைச் சோதனையைப் படிப்படியாக நீக்க உடன்பட்டன. அது 1995 மார்ச் 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. 2025ஆம் ஆண்டு தொடங்கியபோது இவ்வுடன்பாட்டில் 29 நாடுகள் முழுமையாக இணைந்திருந்தன.

மலேசிய, சிங்கப்பூர்க் கடப்பிதழ் உடையோர் இந்நாடுகள் அனைத்திலும் சேர்த்து, எந்த 180 நாளிலும் 90 நாள் விசா இன்றித் தங்கலாம். ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாக 90 நாள் என்று எண்ணிவிடக் கூடாது. 2025 அக்டோபர் 12 முதல் கைரேகையையும் முகப்படத்தையும் பதிவுசெய்யும் முறையும் தொடங்கியுள்ளது. 2024 செப்டம்பர் முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையை மீண்டும் தொடங்கியது. ஆதலால், கடப்பிதழைப் பெரிய பெட்டியில் பூட்டி வைக்காமல் உடலோடு வைத்துக்கொள்ள வேண்டும். பிரிட்டன் இந்த உடன்பாட்டில் இல்லை. இலண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே ஓடும் யூரோஸ்டார் வண்டியில் ஏறும் முன்பே குடிநுழைவுச் சோதனை நடைபெறும். விமானப் பயணத்தைப் போலவே முன்னதாகச் செல்ல வேண்டும்.

தனிப்பயணத்தின் அச்சம்

பெற்றோரின் அச்சம் புதியதன்று. இரயிலைப் போலவே பழைமையானது. பழைய பெட்டிகளில் ஒவ்வோர் அறைக்கும் வெளிக்கதவு மட்டுமே இருந்தது. ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் செல்ல உள்வழி இல்லை. அடுத்த நிலையம் வரும்வரை உதவி கேட்கவும் முடியாது. 1860இல் பிரான்சில் நீதிபதி ஒருவரும், 1864இல் இலண்டனில் தாமஸ் பிரிக்ஸ் என்னும் வங்கி ஊழியரும் இத்தகைய அறைகளில் கொலையுண்டனர். மக்கள் கொதித்தெழுந்தனர். 1868இல் பிரிட்டனில் வந்த சட்டம், இருபது மைலுக்கு மேல் நிற்காமல் ஓடும் வண்டிகளில் பயணிகள் ஊழியருக்கு அறிவிக்கும் சாதனத்தைக் கட்டாயமாக்கியது. பின்னர், பெட்டிக்குள் நடைவழி வந்தது. பெண்களுக்குத் தனியறைகளும் ஏற்பட்டன.

ஆஸ்திரிய இரயில்வேயின் நைட்ஜெட் இரவு வண்டிகளில் இன்றும் பெண்களுக்கு மட்டுமான அறையை முன்பதிவு செய்யலாம். 2023 டிசம்பர் முதல் ஓடும் அதன் புதிய பெட்டிகளில் ஒருவர் மட்டும் பூட்டிக்கொண்டு உறங்கும் சிற்றறைகளும் உள்ளன. அச்சத்தைக் கண்டு பயணத்தை நிறுத்தாமல், அதற்குரிய ஏற்பாட்டைச் செய்துகொண்டனர் என்பதே இங்கு நாம் கற்க வேண்டிய பாடம்.

ஒரே சீட்டு

1922இல் அனைத்துலக இரயில்வே ஒன்றியம் பாரிசில் தோன்றியது. 1959இல் ஐரோப்பியர் அல்லாதோருக்காக 13 நாடுகளில் செல்லும் யூரெயில் பாஸ் அறிமுகமானது. ஒன்றியத்தின் பொன்விழா ஆண்டான 1972இல், 21 வயதுவரை உள்ள ஐரோப்பிய இளையோருக்காக, 21 நாடுகளில் ஒரு மாதம் செல்லும் இன்டர்ரெயில் சீட்டு வெளியிடப்பட்டது. அவ்வாண்டுக்கு மட்டும் என்று எண்ணிய அத்திட்டம் பெற்ற வரவேற்பால் நிலைத்துவிட்டது. இன்று நம்மவர் வாங்கக்கூடிய யூரெயில் பாஸ் 33 நாடுகளில் செல்லும். 27 வயதுவரை சலுகைக் கட்டணமும் உண்டு.

ஆனால், வரலாறு எப்போதும் முன்னோக்கியே செல்வதில்லை. பெர்னில் உடன்பட்ட நாடுகளே 1914இல் அதே தண்டவாளங்களில் படைகளை அனுப்பின. இரண்டாம் உலகப் போரில் இலட்சக்கணக்கான யூதர்களைக் கொலைமுகாம்களுக்குக் கொண்டு சென்றவையும் எல்லை கடந்த இரயில்களே. நம் காலத்திலும் சிறு பின்னடைவு ஒன்று உண்டு. 1991இல் வந்த ஐரோப்பிய ஆணை, பாதையின் நிருவாகத்தையும் வண்டி ஓட்டும் தொழிலையும் கணக்களவில் பிரிக்கச் செய்தது. அதன் வழியே போட்டி வளர்ந்தது; கட்டணம் சில தடங்களில் குறைந்தது; ஆயினும், பல நிறுவனங்களின் வண்டிகளுக்கு ஒரே தொடர்சீட்டு வாங்குவது கடினமாயிற்று. தனித்தனிச் சீட்டுகளோடு செல்பவர், முதல் வண்டி தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் புதுச்சீட்டு வாங்க நேரலாம். 2024இல் ஜெர்மனியின் நெடுந்தூர வண்டிகளில் நூற்றுக்கு 62 அளவிலேயே குறித்த நேரத்திற்கு வந்தன என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

திட்டமிடும்போது

மேற்கூறிய வரலாற்றிலிருந்து முதல் பயணத்திற்குச் சில நடைமுறைகளைப் பெறலாம்.

1. இரண்டு வாரத்திற்கு மூன்று அல்லது நான்கு நாடுகள் போதும். எல்லை, நிறுவனம், மொழி ஆகியவை மாறும் நாள்களை முதலில் குறித்துக்கொள்க.

2. அந்நாள்களில் வண்டி மாறுவதற்குக் குறைந்தது ஒரு மணி நேரம் விடுக. அன்றைய கடைசி வண்டியை நம்பக் கூடாது.

3. பாஸ் இருந்தால் மட்டும் போதாது. பிரான்சின் டிஜிவி, யூரோஸ்டார், இத்தாலியின் அதிவேக வண்டிகள் ஆகியவற்றில் இருக்கைக்குத் தனிக்கட்டணம் கட்டி முன்பதிவு செய்ய வேண்டும். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தின் உள்நாட்டு வண்டிகள் பெரும்பாலானவற்றில் அது கட்டாயமில்லை.

4. புதிய நகரைப் பகலிலேயே சென்றடையுமாறு அமைத்து, அன்றாடப் பயண விவரத்தின் படி ஒன்றை வீட்டாரிடம் கொடுத்துச் செல்க.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கணிதப் பாடத்தில் 24 மணி நேர முறையைக் கற்பிக்கும்போது உண்மையான இரயில் கால அட்டவணை ஒன்றை மாணவரிடம் கொடுங்கள். எந்த வண்டியில் புறப்பட்டு, எங்கே மாறி, எப்போது சேரலாம் என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். தனியாகப் பயணம் செய்யும் துணிவு இருபத்து நான்கு வயதில் திடீரென வந்துவிடாது. அட்டவணையைப் படிக்கவும், வழிகேட்கவும், தவறிப்போனால் அடுத்த வண்டியைத் தேடவும் சிறு வயதிலேயே பழக வேண்டும்.

பெற்றோர்களே, தனியாகச் செல்லும் பிள்ளை வெறும் துணிவை மட்டும் நம்பிச் செல்வதில்லை. தண்டவாளத்தின் அகலம் முதல் பெட்டியின் நடைவழி வரை, முன்னோர் பலர் கூடிப் பேசி உருவாக்கிய ஏற்பாடுகள் அப்பிள்ளைக்குத் துணையாக இருக்கின்றன. அவை முழுமைபெறாத இடங்களை முன்கூட்டியே அறிந்துகொள்வதே திட்டமிடுதல். பிள்ளையோடு அமர்ந்து, நிலப்படத்தை விரித்து, அவ்விடங்களைச் சேர்ந்தே குறித்துக் கொடுங்கள். பிறகு, மனநிறைவோடு வழியனுப்பி வையுங்கள்.