சீட்டை எண்ணினால் குற்றமா?

சூதாட்டத்துல கடைசியா ஜெயிக்கிறது கடைக்காரன்தான்னு எல்லாருக்கும் தெரியும். அதை ஒரு கணக்கு வாத்தியார் பொய்யாக்கின கதை இது.

பிளாக்ஜாக் ஆடாதவங்களுக்கு: கையில இருக்கிற சீட்டோட கூட்டுத்தொகை 21-ஐத் தாண்டாம, டீலரை விட அதிகமா இருக்கணும். ராஜா, ராணி, ஜாக்கி எல்லாம் 10. முதல் ரெண்டு சீட்டே ஏஸும் பத்துமா வந்தா அதுதான் பிளாக்ஜாக். 10 டாலர் கட்டியிருந்தா 15 கிடைக்கும். (இந்த 15-ஐ ஞாபகம் வெச்சுக்குங்க.)

1956-ல் அமெரிக்க ராணுவத்துல இருந்த நாலு பேர், கால்குலேட்டரைத் தட்டித் தட்டியே எந்தக் கைக்கு எப்படி ஆடணும்னு கணக்குப் போட்டுக் கட்டுரையா வெளியிட்டாங்க. அப்படி ஆடினா கேசினோவோட அனுகூலம் 1 சதவீதத்துக்கும் கீழே போயிடும்.

அதைப் படிச்ச எட்வர்ட் தோர்ப்புக்கு வேற ஒண்ணு பொறி தட்டிச்சு. ரூலெட் சக்கரத்துக்குப் போன சுத்து ஞாபகம் இருக்காது. சீட்டுக்கட்டு அப்படியில்லையே! வெளியே போன சீட்டு, மறுபடி கலைக்கிற வரைக்கும் திரும்ப வராது. எம்ஐடியில ஐபிஎம் 704 கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டார். நாலு அஞ்சும் போயிட்டா ஆடுறவனுக்கு 3 சதவீதத்துக்கும் மேல அனுகூலம். ஏன் அஞ்சு? டீலர் 16 வரைக்கும் சீட்டு எடுத்தே ஆகணும். 12-லிருந்து 16 வரை எதுல மாட்டினாலும், ஒரு அஞ்சு வந்தா மனுஷன் தப்பிச்சுடுவார். கூட்டிப் பாருங்க :-)

1962-ல் 'பீட் த டீலர்' புத்தகம் வந்துச்சு. அரண்டுபோன லாஸ் வேகாஸ் கேசினோக்கள் 1964-ல் விதியை இறுக்கினாங்க. வழக்கமான வாடிக்கையாளர்களும் எழுந்து போயிட்டாங்க! சில வாரத்துலயே பழைய விதி திரும்பிடுச்சு. அதுக்கப்புறம் ஒரு கட்டு போய் நாலு, ஆறு, எட்டு கட்டுன்னு ஏறினது தனி.

எண்ணுறவங்களும் விடலை. 2 முதல் 6 வரை கூட்டு ஒண்ணு, பத்தும் ஏஸும் கழி ஒண்ணு. இவ்வளவு சுலபமான 'ஹை-லோ' முறை வந்துச்சு. கென் அஸ்டன் கோர்ட்டுக்கே போனார். எண்ணுறார்ங்கிற காரணத்துக்காக ஒருத்தரை வெளியே அனுப்ப கேசினோவுக்குத் தானா அதிகாரம் கிடையாதுன்னு 1982-ல் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. நெவாடாவுல கதை வேற. மனசுக்குள்ள எண்ணினா குற்றமில்லை. ஆனா 'கிளம்புங்க சார்'னு சொல்லலாம். கருவி வெச்சு எண்ணினா அது குற்றம்.

என் கணிப்புல, இந்தச் சண்டையில கேசினோவோட பெரிய வெற்றி கேமராவோ கலைக்கிற மெஷினோ இல்லை. 2000-களின் தொடக்கத்துல சத்தமில்லாம பரவின 6:5 விதிதான். அந்த 15 டாலர், 12 ஆயிடுச்சு. கேசினோ அனுகூலம் கிட்டத்தட்ட 1.4 சதவீதம் ஏறிடுச்சு. 1964-ல் எழுந்து போன அதே மாதிரி வாடிக்கையாளர்கள், இந்தத் தடவை எழுந்திருக்கவே இல்லை. இத்தனைக்கும் அது மேசைத் துணியிலேயே பெருசா அச்சடிச்சிருக்கும்.