மனை கோலும் மரபும் மரங்காக்கும் அறமும்

யாழ்ப்பாணத்திலே ஒருவர் வீடு கட்ட எண்ணினால் முதலிற் சாத்திரியாரை அழைத்து நிலையம் எடுப்பார். நாளும் கோளும் பார்ப்பார். வாயிலுக்குந் திசை கேட்பார், கிணற்றுக்குந் திசை கேட்பார். இவை யாவும் தமக்கும் தம் குடும்பத்துக்கும் நன்மை நாடிச் செய்வன. அக்காணியிலே தமக்கு முன்னரே குடியிருக்கும் மரங்களும் பறவைகளும் பிற உயிர்களும் என்னாகும் என்று அவர் எவரிடமுங் கேட்பதில்லை. ஆயின், நிலையம் எடுக்கும் அதே சாத்திரத்தின் மூலநூல்கள் இந்தக் கேள்வியையே முதலில் வைத்துள்ளன. இதனைப் பலர் அறியார். அம்மரபு வந்த வழியை இளைஞருக்கும் பெரியோருக்கும் எடுத்துக் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காண்டவ வனம் கற்பிக்கும் பாடம்

பாரதத்திலே காண்டவ வனம் எரிந்த கதையை நாம் எல்லோரும் கேட்டிருக்கின்றோம். பாண்டவர் இந்திரப்பிரத்த நகரை அமைத்த பின், அக்கினிதேவன் வேண்டியதற்கிணங்கக் கண்ணனும் அருச்சுனனும் துணைநிற்க அப்பெருங்காடு எரியுண்டது. தப்பியோட முயன்ற உயிர்கள் நாற்புறமும் மறிக்கப்பட்டன. தப்பியவர் அறுவரே. நாகர் வேந்தனாகிய தட்சகனின் மகன் அசுவசேனன் ஒருவன். தானவத் தச்சனாகிய மயன் ஒருவன். இன்னும் சிறகு முளையாத சார்ங்கக் குஞ்சுகள் நான்கு. குஞ்சுகளை எவ்வாறு காப்பது என்று தாய்ப்பறவை கலங்கிப் புலம்பும் பகுதி கல்நெஞ்சையும் உருக்குவது. காட்டை அழித்தவர் தம் பாட்டுடைத் தலைவரேயாயினும், அழிந்த உயிர்களின் துயரை மறையாது பாடியது வியாசரின் பெருமையாகும்.

கதை அங்கே முடியவில்லை. தாயை அத்தீயிலே பறிகொடுத்த அசுவசேனன், பின்னாளிற் குருக்ஷேத்திரப் போரிலே கர்ணனுடைய நாகக்கணையிற் பொருந்தி அருச்சுனன் தலையை நாடி வந்தான். கண்ணன் தேரை அழுத்தியதாலே தலை தப்பி முடி மட்டும் வீழ்ந்தது. விடைபெறாது எடுத்த நிலத்தின் கடன், எடுத்தவனைத் தேடி வரும் என்பது இதன் உட்பொருள் போலும்.

தப்பிய தச்சன் பெயரால் வழங்கும் நூல்

உயிர் பிழைத்த மயனே பின்னர்ப் பாண்டவருக்கு அரிய மண்டபம் ஒன்றை ஆக்கிக் கொடுத்தான். தென்னாட்டிலே மனையும் கோயிலும் ஆக்குவோர் போற்றிய சிற்பநூலாகிய மயமதம் அவன் பெயராலேயே வழங்குகின்றது. தீயிலே தப்பியவன் பெயரால் வழங்கும் அந்நூல் என்ன விதிக்கின்றது? நிலத்தைக் கைக்கொள்ளுமுன் பலியிட்டு வழிபட்டு, அங்குறையும் பூதங்களும் பிறவும் வேறிடஞ் சென்று உறைவனவாக என்று வேண்டிக்கொள்ளுமாறு விதிக்கின்றது. அதன் பின்னரும் உடனே அத்திவாரம் வெட்டுவதில்லை. நிலத்தை உழுது தானியம் விதைத்து, அது விளைந்தபின் பசுக்களை மேயவிட்டு, அதற்குப் பின்னரே மனை கோலவேண்டும். தானியம் விளையுங் காலமளவும் அந்நிலத்து உயிர்களுக்குத் தவணை கிடைத்துவிடுகின்றதன்றோ?

கி. பி. 6ஆம் நூற்றாண்டினராகிய வராகமிகிரர் இயற்றிய பிருகத் சம்கிதையும் இதனையே வற்புறுத்துகின்றது. திருவுருவஞ் செய்ய மரந் தேடிக் காடு செல்வோன், அம்மரத்தை முதனாளிரவிலே பூசித்து, அதில் வாழ்வன தன் வழிபாட்டை ஏற்று வேறிடம் போய்த் தன்னைப் பொறுத்தருளவேண்டும் என்று இரத்தல் வேண்டும். மறுநாட் காலையிலேதான் கோடரி மரத்திற் படலாம். கட்டிலும் ஆசனமுஞ் செய்வதற்கு ஆகாத மரங்களை விலக்குமிடத்தே, தேனீயும் பறவையும் குடிகொண்ட மரங்களையும் அவர் சேர்த்துள்ளார். பிறிதோருயிரின் வீட்டை உடைத்துச் செய்த கட்டிலிலே நித்திரை வருமா என்பது அவர் கருத்தாயிருக்கலாம்.

இவற்றை மூடநம்பிக்கை என்று தள்ளுவார் உளர். பூதங்களை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். எனினும், அந்த ஓரிரவிலே கூட்டிலுள்ள குஞ்சும், பொந்திலுள்ள மரநாயும், புற்றிலுள்ள பாம்பும் மனிதன் கண்ணிற் பட்டுவிடும். வெட்டுவோன் கையுஞ் சற்றே தயங்கும். அத்தயக்கமே மரங்காக்கும் அறத்தின் வித்து.

அரசர் சாசனங்கள்

சாத்திரம் தனிமனிதனுக்குச் சொன்னதை அரசர் நாட்டுக்குச் சொல்லினர். கி. மு. 3ஆம் நூற்றாண்டிலே அசோகப் பேரரசர் முடிசூடி 26 ஆண்டுகள் சென்றபின் பொறித்த ஐந்தாந் தூண் சாசனம், பயனின்றியோ உயிர்களை அழிக்கவோ காட்டுக்குத் தீயிடலாகாது என்று ஆணையிட்டது. உயிர்கள் உள்ள உமிக்குவியலைக் கொளுத்தலாகாது என்றும் அதே சாசனங் கூறுகின்றது. குப்பை கொளுத்தும்போதும் உள்ளே உயிருண்டா என்று பார்க்கச் சொன்ன அரசர் உலகிலே எத்தனை பேர்?

நமது ஈழநாட்டிலே பொலன்னறுவையிலிருந்து 1187 முதல் 1196 வரை ஆண்ட நிசங்கமல்லன், அனுராதபுரத்தைச் சூழ ஏழு காவத எல்லைக்குள் உயிர்களுக்கு அபயம் அளித்ததாகத் தன் கல்வெட்டிற் கூறுகின்றான். பறவை பிடிப்போருக்குப் பொன்னும் ஆடையும் வழங்கி அத்தொழிலை விடுக்கச் செய்ததாகவும் அறிகின்றோம். தண்டிப்பதோடு நில்லாது, அவர் பிழைப்புக்கும் வழி செய்த திறம் கவனிக்கத் தக்கது.

அண்மைக் காலத்திலே 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதற் கட்டுப்பாட்டுச் சட்டமும் எழுந்தன. பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைச் சொந்தக் காணியிலேனும் அனுமதியின்றித் தறித்தலாகாது. அனுமதி கேட்டல் என்ற பழைய விதி, பலிபீடத்திலிருந்து பிரதேச செயலகத்துக்கு இடம் மாறியிருக்கின்றது, அவ்வளவே.

மீண்டு வந்தோர் காணிகள்

இனி நம்மவர் நிலையை நோக்குவோம். 1990ஆம் ஆண்டிலே வலிகாமம் வடக்கு மக்கள் தம் ஊர்களை விட்டு இடம்பெயர்ந்தனர். போர் 2009இல் முடிந்த பின்னர் அக்காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. இருபது ஆண்டுக்கு மேலாக ஆளில்லாதிருந்த வளவுகள் பற்றையுங் காடுமாயின. கூரையிழந்த வீட்டுச் சுவரிலே ஆலும் அரசும் வேரோடின. எறிகணையிலே தலையிழந்த பனைகள் மொட்டையாய் நின்றன. அவற்றின் பொந்துகளிலே கிளியும் ஆந்தையுங் குடியேறின. நாம் இல்லாத காலத்தில் நம் காணியைக் காத்திருந்தவை அவைதாம்.

மீண்டு வந்தவர் கண்ணீரோடு வந்தனர். விரைவாக ஒரு கூரை வேண்டுமென்று விரும்பினர். அதனை யார் குறைகூறுவர்? ஆயினும் பெக்கோ இயந்திரம் ஒரு பகலிலே வளவு முழுவதையும் வழித்தெடுத்து, வடலியையும் வேம்பையும் ஒரே குவியலாக்கித் தீயிட்ட காட்சியும் பல இடங்களில் உண்டு. ஒரே நாளிலே வீடிழந்து பெட்டியுங் கையுமாகப் புறப்பட்ட துயரை அறிந்தவர் நாம். அத்துயரைப் பேசத் தெரியாத உயிர்களுக்கு நாம் கொடுக்கலாமா?

பாம்புக்கு அஞ்சாமல் எவ்வாறு இருப்பது, வீட்டிலே குழந்தைகள் உண்டே என்று பெரியோர் கேட்பர். அது நியாயமான கேள்வியே. மனையைச் சுற்றித் துப்புரவாக வைத்திருத்தல் அவசியம். அதற்காகக் கோடிப்புறத்துப் பனைகளையும் எல்லை வேலியையும் அழித்தல் அவசியமன்று.

செய்யத் தக்கவை

நிலையம் எடுக்கும்போதே மரங்களையும் எண்ணுக. வீட்டை இரண்டு முழம் தள்ளி வைத்தாற் பிழைக்கும் மரம் எதுவென்று பார்த்து, அதிலே சுண்ணாம்பால் அடையாளமிடுக. சில நாட் காலையும் மாலையும் காணியிற் சுற்றி நடந்து, கூடு, பொந்து, புற்று எவையென்று அறிக. குஞ்சுள்ள மரத்துக்கு அவை பறக்குமட்டுந் தவணை கொடுக்க. துப்புரவாக்கலை ஒரு பக்கத்தில் தொடங்கி மறுபக்கம் நோக்கிச் செல்க. நாற்புறமும் வளைத்தல் காண்டவத் தவறாகும். குவித்த பற்றைக்குத் தீயிடாது உக்கவிடுக. பாழ்ங்கிணற்றை மூடி வைக்க. நிற்கும் மரத்தின் அடியிலே மண்ணும் கல்லுங் குவியாதிருக்க. வேர்மேல் இயந்திரம் ஓடாதிருக்க. மதில் கட்டினும் கீரியும் உடும்பும் போய்வர அடியிலே துவாரம் விடுக. நம் முன்னோர் பூவரசுங் கிளுவையும் கதியாலாக நட்ட வேலியிலே இத்தகைய பொட்டுகள் தாமாகவே இருந்தன.

இளைஞர்களே! உங்களிற் பலர் இனி வீடு கட்டுவீர்கள். நாட்கல் வைப்பதற்கு முன்னாள் மாலை, தனியே அக்காணிக்குச் சென்று சற்று நேரம் நில்லுங்கள். மந்திரந் தெரியாவிடினுங் குறையில்லை. அங்கு முன்னரே வாழ்வன எவை என்று கண்ணாரப் பார்த்து, அவற்றுக்கும் ஓர் இடம் வகுத்துவிட்டு மண்வெட்டியை எடுங்கள். அவ்வாறு எழும் மனையிலே குயிலுங் கிளியுங் கூடிக் குடிபூரல் பாடும்.