ஹன்சா விரிகுடாவில் விழுந்த விமானம்

குண்டு வீசப் போன விமானம் தளத்துக்குத் திரும்பவில்லை என்றால், இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க விமானப்படையில் 48 மணி நேரத்துக்குள் ஒரு படிவத்தை எழுதி அனுப்ப வேண்டும். 'காணாமற்போன விமானக்குழு அறிக்கை' என்ற அந்தப் படிவம் 1943இல் நடைமுறைக்கு வந்தது. விமானத்தின் எண், எஞ்சின்களின் எண்கள், இயந்திரத் துப்பாக்கிகளின் எண்கள், கிளம்பிய இடம், போக வேண்டிய இடம், வானிலை, கடைசியாகக் கண்ணில் பட்ட இடம், உள்ளே இருந்தவர்களின் பெயர், பதவி, நெருங்கிய உறவினரின் முகவரி என்று வரிசையாகக் கட்டங்கள். கூடப் பறந்தவர்கள் தாங்கள் பார்த்ததைச் சொன்ன வாக்குமூலமும் கிடைத்தால் சேர்த்து வைப்பார்கள். போரில் மறைந்த தாத்தாவையோ பெரியப்பாவையோ தேடும் அமெரிக்கக் குடும்பங்கள் இன்றும் முதலில் கேட்டு வாங்குவது இந்தத் தாள்களைத்தான்.

அப்படித் தேடிய ஒரு குடும்பத்தின் கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம்.

1944 மார்ச் 11. நியூ கினியின் வடகரையில் இருக்கும் ஹன்சா விரிகுடாவைச் சுற்றி ஜப்பானியர்களின் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் நின்றன. அவற்றைத் தாக்கப் போன பி-24 ரக விமானங்களில் ஒன்றின் பெயர் 'ஹெவன் கேன் வெயிட்'. 90ஆவது குண்டுவீச்சுப் பிரிவைச் சேர்ந்தது. உள்ளே பதினொரு பேர். குறிபார்த்துக் குண்டு வீசும் பொறுப்பில் இருந்தவர் தாமஸ் கெல்லி. கலிபோர்னியாவின் லிவர்மோரில், கால்நடைப் பண்ணை வைத்திருந்த குடும்பத்தில் வளர்ந்தவர். வயது 21. குண்டுகளை அடுக்கும் அறையிலிருந்து தீ கிளம்பியதையும், விமானம் நிலை தடுமாறிக் கடலில் விழுந்ததையும் மற்ற விமானங்களில் இருந்தவர்கள் பார்த்தார்கள். யாராவது மிதக்கிறார்களா என்று அந்த இடத்துக்கு மேலே வட்டமடித்தார்கள். ஒருவரும் இல்லை.

போர் முடிந்ததும் ராணுவத்தின் கல்லறைப் பதிவுப் பிரிவு நியூ கினி முழுவதும் தேடியது. 1948இன் பிற்பகுதியில் தேடல் நின்றது. பதினொரு பேரின் உடல்களும் மீட்க இயலாதவை என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். அந்தக் காலத்தில் கடலின் ஆழத்தில் தேடுவதற்குக் கருவி இல்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2013இல் கெல்லியின் உறவினர்கள், அடுத்தடுத்த தலைமுறைக்காரர்கள், அந்தக் கோப்பை மறுபடி திறந்தார்கள். இத்தகைய தேடலில் இறங்குகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு பெரிய தடை உண்டு. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகே இருந்த ராணுவ ஆவணக் காப்பகத்தில் பற்றிய தீயில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட ராணுவப் பணிக் கோப்புகள் அழிந்தன. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் போய்விட்டது. அன்றைக்கு விமானப்படை தரைப்படையின் ஒரு பகுதி. ஆகவே விமானிகளின் கோப்புகளும் அதில்தான் இருந்தன.

நல்லவேளையாக, எல்லாத் தாள்களும் ஒரே கூரையின் கீழ் இல்லை. விமானக்குழு அறிக்கைகளும், படைப்பிரிவுகளின் தாக்குதல் அறிக்கைகளும், இறந்தவர் ஒவ்வொருவருக்கும் தனியாகத் தொடங்கிய கோப்புகளும் வேறிடங்களில் தப்பித்துக்கொண்டன. இந்தத் தனிக்கோப்புகளை வாசிப்பதற்கு மனத்திடம் வேண்டும். பல் மருத்துவ அட்டை, தேடல் குழுவின் குறிப்பு இவற்றுக்கு நடுவே, மகனைப் பற்றி ஏதாவது தெரிந்ததா என்று கேட்டுப் பெற்றோர் எழுதிய கடிதங்கள் இருக்கும். வருந்துகிறோம் என்ற பதிலின் நகலும் பக்கத்திலேயே இருக்கும்.

கெல்லியின் குடும்பத்தினர் அறிக்கைகளோடு நிற்கவில்லை. அந்தக் காலத்து வீரர்களின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் தேடிச் சேர்த்தார்கள். எரியும் விமானத்தைப் பார்த்தவர்கள் தாங்களும் பீரங்கிச் சூட்டுக்கு நடுவே பறந்துகொண்டிருந்தவர்கள். அப்படிப்பட்டவர்கள் சொல்லும் இடமும் தூரமும் ஒன்றோடொன்று அப்படியே பொருந்திவிடாது. ஒவ்வொன்றையும் வரைபடத்தில் வைத்துப் பார்த்து, எங்கே விழுந்திருக்கலாம் என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்கிக்கொண்டே வர வேண்டும். ஒரு வரலாற்று ஆசிரியர் செய்யும் வேலைதான் இது. அதைச் சொந்த ரத்தத்துக்காகச் செய்தார்கள் என்பதால் அவர்களிடம் அவசரமில்லாத பிடிவாதம் இருந்தது. அதற்கு நான் தலைவணங்குகிறேன்.

அந்த ஆய்வைக் கையில் வைத்துக்கொண்டு, காணாமற்போன வீரர்களைத் தேடும் 'புராஜெக்ட் ரிகவர்' குழுவினர் 2017 அக்டோபரில் ஹன்சா விரிகுடாவில் இறங்கினார்கள். சோனார் கருவியால் சுமார் 27 சதுர கிலோமீட்டர் கடற்படுகையை அலசினார்கள். போர்க்காலத்தில் ஜப்பானியர்கள் சரக்கு இறக்கிய விரிகுடா அது. அடியில் மூழ்கிய கப்பல்களும் கிடக்கின்றன. அவற்றுக்கு நடுவிலும், ஏறக்குறைய 65 மீட்டர் ஆழத்தில் விமானம் அகப்பட்டது.

சாதாரண முக்குளிப்பு உடையோடு அந்த ஆழத்தில் மணிக்கணக்கில் வேலை செய்ய முடியாது. 2023இல் அமெரிக்கக் கடற்படையினர், அழுத்தம் ஏற்றிய மணி வடிவக் கூண்டில் இறங்கி, மார்ச் 9 முதல் ஏப்ரல் 13 வரை மண்ணைச் சலித்தார்கள். எலும்புகள் கிடைத்தன. அடையாளத் தகடுகள் கிடைத்தன. ரேடியோ இயக்குநர் யூஜின் டாரிகனின் தகட்டில், பாதி அரித்துப்போயிருந்தும், மனைவியின் பெயர் இருந்தது. கெல்லியின் மோதிரமும் வந்தது. கல் விழுந்துவிட்டிருந்தது, 'பம்பார்டியர்' (குண்டு வீசுபவர்) என்று பொறித்த எழுத்து படிக்கும்படி இருந்தது.

மரபணுச் சோதனைக்குப் பிறகு நான்கு பேர் யார் என்பது உறுதியானது: கெல்லி, டாரிகன், விமானி ஹெர்பர்ட் டென்னிசன், நேவிகேட்டர் டொனால்ட் ஷெப்பிக். டென்னிசனின் மனைவி 96 வயது வரை வாழ்ந்தார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. கணவர் வருவார் என்ற நம்பிக்கையையும் விடவில்லை. இந்தச் செய்தி வந்தபோது அவர் உயிரோடு இல்லை. ஆவணம் மெதுவாகப் பேசுவதன் விலை இது; என்னால் இதைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

2025 மே மாதம், அமெரிக்கா தன் போர் வீரர்களை நினைவுகூரும் நாளில், கெல்லியை லிவர்மோரில் அவருடைய குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். ஊர்வலம் அவர் வளர்ந்த வீட்டையும் படித்த பள்ளியையும் கடந்து போனது. விமானத்தில் இருந்த மற்ற ஏழு பேரின் கோப்புகள் இன்னும் மூடப்படவில்லை. அதே இடத்தில் மீண்டும் ஒருமுறை இறங்கித் தேடும் வாய்ப்பும் இருக்கிறது.