குரோம்பேட்டையின் தொட்டிகள்

பல்லாவரத்திலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயிலில் போகிறவர்கள், குரோம்பேட்டை நிலையத்தைத் தாண்டும்போது, ஓர் உலோகத்தின் பெயரைத் தாங்கிய ஊரைத் தாண்டுகிறோம் என்று நினைப்பது அரிது. சேம்பர்ஸ் துரை என்பவர் 1912-ஆம் ஆண்டளவில் அங்கே ஸ்தாபித்த குரோம் லெதர் கம்பெனியே அப்பெயருக்குக் காரணம் என்பதை ஊரார் பலரும் அறிவர். எந்தப் பதார்த்தம் ஜலத்தில் எவ்வளவு கரையும், கரைந்தது பிறகு எங்கே போய்ச் சேரும் என்ற இரண்டு கேள்விகளுக்குள் அந்த வட்டாரத்துத் தோல் தொழிலின் சரித்திரம் முழுவதும் அடங்கிவிடுகிறது என்பதுதான் அவ்வளவாகப் பேசப்படாத விஷயம்.

குரோமியம் வருவதற்கு முன்பே தோல் பதனிடுவது கரைசல்களை ஆளும் தொழிலாகத்தான் இருந்தது. மயிரை நீக்குவதற்காகத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் இடுவார்கள். நீற்றிய சுண்ணாம்பு ஒரு லிட்டர் நீரில் ஒன்றரை கிராமுக்குச் சற்று அதிகமாக மட்டுமே கரையும். பெரும்பாலான பதார்த்தங்களுக்கு மாறாக, நீர் சூடேற ஏற அந்த அளவும் குறையும். ஆகையால் குழியில் எவ்வளவு சுண்ணாம்பைக் கொட்டினாலும் கரைசலின் காரம் ஒரு வரம்பைத் தாண்டுவதில்லை. தோல் அதை எடுத்துக்கொள்ள எடுத்துக்கொள்ள, அடியில் மண்டிக் கிடப்பது கரைந்து மேலே வந்து அந்தக் குறையை நிரப்பிவிடும். தெவிட்டிய கரைசல் என்று பள்ளிப் புத்தகம் இரண்டு வரியில் முடித்துவிடும் இந்தத் தத்துவத்தை, தராசைத் தொட்டறியாத தொழிலாளி, முழங்காலளவு சுண்ணாம்பு நீரில் நின்று, தன் பாதம் வெந்து வெடிக்க அனுபவித்து அறிந்திருந்தான்.

அதன் பின்னர் ஆவாரம்பட்டை. பட்டையை நொறுக்கி ஊறவைத்தால் இறங்கும் துவர்ப்புச் சாற்றில், முதலிலேயே செறிவானதில் தோலைப் போட்டால், மேற்புறம் மட்டும் பதமாகி இறுகி உள்ளே சாறு புகாமல் அடைத்துவிடும். ஆகையால் பலமுறை பயன்பட்டுச் சத்தொழிந்த நீரில் முதலில் இட்டு, படிப்படியாகச் செறிவு கூடிய குழிகளுக்கு மாற்றிக்கொண்டே போய், கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் தோய்த்து எடுப்பார்கள். ஆவாரைத் தோல் வெயில் பட்டுச் சிவந்துபோகாமல் கடுக்காய் காக்கும். எல்லாம் முடிய வாரக்கணக்கு ஆகும். இவ்வாறு பாதி பதமான தோலைத்தான் சென்னை வியாபாரிகள் சீமைக்கு ஏற்றுமதி செய்து வந்தார்கள்.

அரசாங்க ஊழியரான ஆல்பிரட் சாட்டர்டன் 1903-ஆம் ஆண்டளவில் சென்னைக் கலைப்பள்ளியில் குரோமியத்தால் தோல் பதனிடும் சோதனைகளைத் தொடங்கியபோது, அவர் மனத்தில் இருந்தது நாகரிகச் சப்பாத்து அன்று. கிணற்றிலிருந்து தோற்சாலால் நீர் இறைக்கும் நம் கிராமத்துக் கவலை ஏற்றம். கிணற்று நீரில் ஓயாது முங்கி எழும் தோற்சாலிலிருந்து பட்டைச் சாறு சிறிது சிறிதாக நீரோடு போய்விடுவதால் அது சீக்கிரம் நைந்துவிடும். குரோமியமோ தோலைப் பற்றியபின் நீருக்கு இணங்கி எளிதில் வெளியேறுவதில்லை. விவசாயியின் சாலுக்காக அரசாங்கச் சம்பளக்காரர் ஒருவர் ரசாயனத்தைத் தேடிச் சென்றது அந்தக் காலத்தில் அபூர்வமே. ஆனால் இந்தியா மந்திரியாக இருந்த மார்லி பிரபு, அரசாங்கம் இவ்விதம் தொழில் நடத்துவது தகாது என்று 1910-இல் தடை எழுதினார். அரசாங்கம் கைவிட வேண்டியிருந்த தொழிலைத் தனியார் பெரிய அளவில் நடத்திய இடம்தான் குரோம்பேட்டை.

குரோம் முறையின் சூட்சுமம் முழுவதும் கரைவதையும் பிடிப்பதையும் ஒன்றன்பின் ஒன்றாக நடத்துவதில் இருக்கிறது. நீரில் கரைந்த குரோமியம் அயனி, தன்னைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகளையும் சுமந்துகொண்டு தோலின் நார்களுக்கிடையே புகுகிறது. நீரில் அமிலம் மிகுந்திருக்கும்வரை நார் அதைப் பற்றாது. அதனால் அயனி தோலின் நடுப்பகுதிவரை தடையின்றிச் செல்லும். பிறகு சோடா உப்பைச் சிறுகச் சிறுகச் சேர்த்து அமிலத்தைத் தணித்தால், குரோமியம் நாரோடு பிணைந்து அங்கேயே தங்கிவிடும். அவசரப்பட்டுச் சோடாவைக் கொட்டினால் மேற்புறம் மட்டும் பிடித்துக்கொண்டு உள்ளே பச்சையாக நின்றுவிடும். ஆகையால் கழுத்துப் பக்கம் தடித்த இடத்தில் கத்தியால் கீறி, வெட்டுவாய் முழுவதும் நீலம் ஓடியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு துண்டை அறுத்துக் கொதிநீரில் போட்டு, அது சுருங்காவிட்டால் தோல் தேறிவிட்டது என்று கொள்வார்கள். வாரங்கள் எடுத்த வேலை ஓரிரு நாளில் முடிந்தது.

தோல் ஏற்றுக்கொள்ளாமல் விட்ட குரோமியம், இட்டதில் மூன்றிலொரு பங்குவரை, கழிவுநீரோடு போனது. எனினும் பல்லாவரம், நாகல்கேணிப் பக்கத்துக் கிணறுகளை அதிகம் கெடுத்தது ஊரின் பெயரைப் பெற்ற அந்தப் பொருளைவிடச் சாதாரணக் கறியுப்பே என்பது என் துணிபு. கசாப்புக் கடையிலிருந்து வரும் பச்சைத் தோல் அழுகாதிருக்க அதன் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் உப்பைத் தடவுகிறார்கள்; முதல் ஊறலிலேயே அது நீரில் இறங்கிவிடுகிறது. நீர் மூலக்கூறின் ஒருபுறம் எதிர்மின் சாயலும் மறுபுறம் நேர்மின் சாயலும் இருப்பதால், உப்புப் படிகத்தில் ஒன்றையொன்று பற்றிக்கிடக்கும் சோடியத்தையும் குளோரைடையும் அது தனித்தனியே சூழ்ந்து பிரித்துக் கொண்டுபோகிறது. நூறு கிராம் நீர் 36 கிராம் உப்பைத் தாங்கும். கரைந்த உப்பு சாதாரண வடிகட்டி எதிலும் நிற்காது, எத்தனை நாள் வைத்தாலும் அடியில் படியாது, மண்ணோடும் அதிகம் ஒட்டாது. பல்லாவரத்துச் சார்னோக்கைட் பாறையின் வெடிப்புகள் வழியே கிணற்றுக்குள் இறங்கிவிடும்.

1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, பல்லாவரம் அடங்கிய அக்காலத்துச் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத் தோல் ஆலைகளையும் உட்படுத்தி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பைக் கட்டாயமாக்கிற்று. குரோம் கழிவுநீரில் காரத்தைச் சேர்த்தால் குரோமியம் ஹைட்ராக்ஸைடாகத் திரிந்து படிந்துவிடும். அதை அள்ளி, அமிலத்தில் மீண்டும் கரைத்துப் பயன்படுத்தவும் கூடும். உப்புக்கு அந்த உபாயம் பலிக்காது. அழுத்தத்தால் சவ்வின் வழியே நீரை மட்டும் தள்ளி, எஞ்சியதைக் கொதிக்கவைத்து வற்றச் செய்வதே இன்றுள்ள வழி. தமிழ்நாட்டுத் தோல் ஆலைகளில் இவ்வாறு திரண்ட கலப்பு உப்பை வாங்குவோர் இல்லாமல் மூட்டை மூட்டையாகக் கூரையின் கீழ் அடுக்கிவைத்திருக்கிறார்கள். வெளியில் வைத்தால் அடுத்த மழையில் அது கரைந்துவிடும்.